மணிக்கட்டிலே ஒரு கணக்கப்பிள்ளை

கனடாவில் வாழும் என் தம்பி, சென்ற ஆண்டுக்கு முந்திய தீபாவளிக்கு எனக்கொரு பரிசு அனுப்பியிருந்தான். சேலையாயிருக்கும் என்று எண்ணிப் பொதியைப் பிரித்தேன். உள்ளே இருந்தது ஒரு கறுப்புப் பட்டி. கைக்கடிகாரத்தைப் போல மணிக்கட்டிற் கட்டிக்கொண்டால், நாம் எத்தனை அடி நடந்தோம், நெஞ்சு எத்தனை முறை துடித்தது, எத்தனை கலோரி எரிந்தது, இரவு எவ்வளவு நேரம் உறங்கினோம் என்பனவற்றையெல்லாம் கணக்கெழுதி வைக்கும் கருவி அது. “இதுதான் ஃபிட்னஸ் பேண்ட், அம்மா” என்று பெயர் சொல்லிக்கொடுத்தான், உயர்தர வகுப்பிற் படிக்கும் என் மகன்.

பரிசு வேளையறிந்துதான் வந்தது. ஆசிரியத் தொழிலில் நிற்பது அதிகம், நடப்பது குறைவு. “பிறசர் கொஞ்சம் கூடியிருக்கு, ரீச்சர். ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்கோ” என்று அதற்கு முந்திய மாதமே வைத்தியர் சொல்லியிருந்தார். அவர் நேரத்தைத்தான் சொன்னார். அடிக் கணக்குச் சொல்லவில்லை. அதைச் சொன்னது பட்டி. நாளொன்றுக்கு 10,000 அடி என்று அதிலே முன்னரே விதித்திருந்தது. அந்த எண்ணை எட்டியதும் பட்டி மெல்ல அதிர்ந்து, வாணவேடிக்கைப் படமொன்றையும் காட்டும். 46 வயதில் எனக்கு யாரும் அப்படிச் சபாஷ் போட்டதில்லை. நான் மயங்கிப்போனதில் வியப்பில்லை.

ஒரு மாதத்துக்குள் பட்டி எசமானாயிற்று, நான் ஏவலாளானேன். இரவு ஒன்பது மணிக்கு 9,400 என்று காட்டினால், மீதி 600 அடியையும் முற்றத்திலே நடந்து முடித்த பின்பே படுக்கைக்குப் போவேன். “கள்ளன் வந்து பார்த்தாற் பயந்து ஓடிவிடுவான்” என்று என் கணவர் சிரிப்பார்.

இந்தக் கணக்கிலே அடிபட்டுப்போனவர் என் அப்பா. அவருக்கு வயது 79. முழங்கால் வலியும் கண் மங்கலும் வந்த பின்னர், மாலையிற் பிள்ளையார் கோவிலுக்குப் போகும்போது என் இடது முன்கையைப் பற்றிக்கொண்டுதான் நடப்பார். போய்வர நாற்பது நிமிடமாகும். ஒருநாள் திரும்பி வந்து பட்டியைப் பார்த்தேன். அவ்வளவு நேரத்துக்கும் அது எழுதியிருந்தது 60 அடியுங்கூட இல்லை. இந்த நடையாற் பயனில்லை என்று அன்றைக்கே முடிவுகட்டினேன். மறுநாள் முதல் மாலை வேளையிற் கையை வீசிக்கொண்டு தனியே நடக்கத் தொடங்கினேன். அப்பாவை அழைத்துச் செல்லும் வேலை மகனுக்கானது; அவனுக்குத் தனியார் வகுப்பு உள்ள நாட்களில் எவருக்குமில்லை. அப்பா குறை சொல்லவில்லை. “நீ போய் உன்ரை பத்தாயிரத்தை முடி, பிள்ளை” என்று சொல்லிவிட்டு, விறாந்தையிலே சாய்வு நாற்காலியில் இருந்துகொள்வார்.

நான் பௌதிகவியல் கற்பிப்பவள். எனக்குப் பாடம் சொன்னவள் என் மாணவி. அன்று வேணியர் இடுக்கிமானியைக் காட்டி, “எந்தக் கருவியைக் கையிலெடுத்தாலும் அதன் பூச்சிய வழு என்ன, இழிவெண்ணிக்கை என்ன என்று முதலிற் கேளுங்கள்” என்று வழக்கம்போல முழங்கிக்கொண்டிருந்தேன். பின் வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது: “ரீச்சர், உங்கடை கையிலை இருக்கிற கருவிக்கு வழு எவ்வளவு?”

வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் விடை தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை நானே சோதனையில் இறங்கினேன். வாயால் எண்ணி 500 அடி நடந்தேன். கையை வீசி நடந்தபோது பட்டி 491 என்றது, பாராட்டத்தக்கதே. அதே கையிற் குடை பிடித்து நடந்தபோது 300ஐத் தாண்டவில்லை. அப்பாவின் பிடியிலே கையிருக்க, அவருடைய நடைக்கு நடந்தபோது 38. பின்னர் அடுக்களையில் இருந்தபடியே இரண்டு தேங்காய் திருவினேன். கால் அசையவேயில்லை, பட்டி 112 அடி எழுதிக்கொண்டது!

காரணம் விளங்கக் கடினமானதன்று. பட்டிக்குள் ஆர்முடுகலை அளக்கும் ஒரு சிறு உணரி உண்டு. கால் நடப்பதை அது காண்பதில்லை. கை அசைவதையே காண்கிறது. அசைவு ஒழுங்காகவும் போதிய வேகத்தோடும் வந்தால் ‘அடி’ என்று எழுதும். மெல்ல நடப்பவரையும் கையசையாது நடப்பவரையும் விட்டுவிடும். இதயத்துடிப்பின் கதையும் இத்தகையதே. பட்டியின் அடியிலுள்ள பச்சை விளக்கு தோலினுள் ஒளியைச் செலுத்தும். குருதி அதனை உறிஞ்சும். துடிப்புக்குத் துடிப்பு குருதி கூடிக் குறைவதால் மீண்டு வரும் ஒளியும் மாறும். அம்மாற்றத்தை எண்ணுவதே அதன் வேலை. பட்டி தளர்ந்தாலும் கை ஆடினாலும் எண்ணிக்கை பிசகும்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 2017இல் ஏழு வகைக் கருவிகளை 60 பேருக்குக் கட்டிச் சோதித்தனர். அவற்றுள் ஆறு, இதயத்துடிப்பை 5 நூற்றுவீத வழுவுக்குள் அளந்தன. கலோரிக் கணக்கிலோ, மிகத் திறமையான கருவியே சராசரி 27 நூற்றுவீதம் பிசகியது. மிக மோசமானது 93 நூற்றுவீதம். எரிந்த கலோரியைப் பட்டியிற் பார்த்து, அதற்கு ஈடாக ஒரு வடை கூடுதலாக உண்பவர்கள் இதனைக் கவனிப்பார்களாக.

10,000 என்ற எண்ணுக்குரிய பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் தேடிப் பார்த்தேன். 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டுக்கள் நடந்தன. மறு ஆண்டு ஜப்பானிய நிறுவனமொன்று ‘மன்போ-கெய்’, அதாவது ‘பத்தாயிரம் அடி மானி’, என்ற பெயரில் ஒரு கருவியை விற்கத் தொடங்கியது. எண் பிறந்தது கடையில், வைத்தியசாலையிலன்று. 16,000க்கு மேற்பட்ட முதிய பெண்களை ஆராய்ந்து 2019இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, நாளுக்கு 2,700 அடியளவு நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது என்றும், 7,500 அடியளவில் அந்த நன்மை மேலும் கூடாது நின்றது என்றும் கண்டது.

பட்டியின் ஆயுளும் நீளவில்லை. ஏழாம் மாதம் வார் வெடித்தது. ஆறு நாட்களுக்குத் தாங்கிய மின்னேற்றம் ஒரு நாளைக்குக் குறுகியது. இலிதிய மின்கலம் சில நூறு முறை ஏற்றி இறக்கியதும் தளர்வது இயல்பு. பதினாலாம் மாதம், கிணற்றடியிற் குளித்து வந்தபோது கண்ணாடிக்குள் நீராவி படர்ந்தது; மாலைக்குள் உயிர் போயிற்று. ‘50 மீற்றர்’ என்று அதிற் பொறித்திருந்ததே என்று கேட்பீர்கள். அந்த ஆழத்து நீரின் அமுக்கத்துக்குச் சமமான அமுக்கத்தைப் புதிய கருவி சோதனையிலே தாங்கியது என்பதே அதன் பொருள். சவர்க்காரமும் வியர்வையும் வெந்நீரும் உள்ளிருக்கும் இறப்பர் அடைப்பை நாளடைவில் அரித்துவிடும். உத்தரவாதமோ 12 மாதத்துக்குத்தான். நகரிலுள்ள கடிகாரம் திருத்துபவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆணி இல்லை, ரீச்சர். பசை போட்டு ஒட்டியிருக்கு. திறந்தால் உடையும்” என்று கையிலேயே தந்தார்.

அவருடைய மேசையில் அன்று அப்பாவின் கைக்கடிகாரமும் இருந்தது. எண்ணெய் போடக் கொடுத்திருந்தோம். 1968இல் தபாற் கந்தோரில் வேலை கிடைத்தபோது முதற் சம்பளத்தில் வாங்கியது. 1995 இடப்பெயர்விலே வீட்டுச் சாமான்கள் எல்லாம் போக, அது மட்டும் அவர் கையோடு சாவகச்சேரி வரை வந்தது. நாளுக்கு நாலு நிமிடம் பிந்தும். அதை அவர் அறிவார். காலை ஆறு மணிக்கு வானொலிச் செய்தி தொடங்கும்போது முள்ளைத் திருப்பி வைப்பார். வழுவை அறிந்துகொண்டு ஒரு கருவியோடு அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார். பௌதிகவியற் பட்டதாரியாகிய நானோ, வழுவைக் கேளாமலே ஒரு பட்டியின் சொற்படி அவர் கையை விட்டேன்.

பட்டி தீயது என்று நான் சொல்லவரவில்லை. நாற்காலியை விட்டு என்னை எழுப்பியது அதுவே. பிள்ளைகளே, உங்கள் கையிலும் அத்தகையதொன்று இருந்தால் இருக்கட்டும். ஒருநாள் வாயால் எண்ணி நடந்து, அதன் வழுவை மாத்திரம் அறிந்துகொள்ளுங்கள்.

காலையில் இப்போது நான் அரைமணி நேரம் விரைந்து நடக்கிறேன். மாலை, அப்பாவோடு கோவிலுக்கு. வழியில் அவர் கடிகாரத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்து, “பூசைக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கு” என்பார். எட்டு நிமிடந்தான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் என் கையைப் பிடித்துக்கொள்ள, அவருடைய நடைக்கே நடக்கிறேன்.