காணும் பொங்கலும் பழவேற்காட்டுப் படகும்

ஜனவரி 14, 15 தேதிகளில் தினசரியின் திருவள்ளூர் மாவட்டப் பக்கத்தைப் பார்த்தால் ஒரு சிறிய செய்தி கண்ணில் படும். காணும் பொங்கல் அன்று பழவேற்காடு ஏரியில் படகு சவாரிக்குத் தடை, மீறினால் நடவடிக்கை என்று நாலைந்து வரி. பல வருடமாகக் கவனித்து வருகிறேன். தேதியும் அதிகாரியின் பெயரும்தான் மாறும்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருக்கிறவர்களுக்குக் காணும் பொங்கல் என்றால் தண்ணீர்தான். மெரினாவுக்குப் போகிற கூட்டம் ஒன்று. காசிமேடு துறைமுகத்தில் படகுகளை வேடிக்கை பார்க்கிற கூட்டம் ஒன்று. வேன் பிடித்து மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போகிற கூட்டம் இன்னொன்று. புளிசாதம், வடை, இரண்டு கட்டுக் கரும்பு, ஒரு பாய், அழுகிற குழந்தை ஒன்று. இவை இல்லாமல் எந்த வேனும் கிளம்பியதில்லை. அந்தக் காலத்தில் காசிமேட்டில் தெரிந்த மீனவர் ஒருவர் இருந்தால் போதும், துறைமுகத்துக்குள்ளேயே ஒரு சுற்று அழைத்துப் போய் வருவார். காசு வாங்க மாட்டார். பொங்கலாச்சே!

நான் முப்பது வருடத்துக்கு மேல் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன். அதனால் எந்த உத்தரவைப் பார்த்தாலும் முதலில் 'பார்வை' என்ற வரியைத்தான் தேடுவேன். இதற்கு முன்னால் இதே விஷயத்தில் என்ன உத்தரவு போட்டார்கள் என்று அதில் இருக்கும். பழவேற்காட்டில் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றக் கூடாது என்ற தடை பொங்கலுக்காக வந்ததே இல்லை. அது 2011 முதல் இருக்கிறது. வருடம் 365 நாளும் அமலில் இருக்க வேண்டிய தடையைப் பொங்கலுக்குப் பொங்கல் புதிதாக அறிவிக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? எங்கள் அலுவலக பாஷையில் இதற்குப் பெயர் உத்தரவு இல்லை, 'நினைவூட்டு'. மற்ற நாட்களில் அது அலமாரியில் தூங்குகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2011-இல் நடந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். டிசம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ். சுனாமி வந்து ஏழு வருடம் முடிய ஒரு நாள் பாக்கி. உல்லாசப் பயணமாக வந்த ஒரு உறவுக் கூட்டம் மீன்பிடிப் படகில் ஏறியது. முகத்துவாரத்துப் பக்கம் போனபோது அலை அடித்துப் படகு கவிழ்ந்தது. 22 பேர் போனார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். மறுநாள் பேப்பரைக் கையில் எடுத்துவிட்டு முழுதாகப் படிக்க முடியாமல் மடித்து வைத்தது ஞாபகம் இருக்கிறது.

ஏரி என்றதும் நம் ஆட்களுக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. கடல் என்றால்தான் பயம். பழவேற்காடு பெயருக்குத்தான் ஏரி. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி அது, பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. பல இடங்களில் முழங்கால் ஆழம், இடுப்பளவு ஆழம்தான். ஆனால் கடலோடு சேருகிற முகத்துவாரம் வேறு உலகம். தண்ணீர் வற்றுகிற நேரத்தில் அவ்வளவு பெரிய ஏரியின் தண்ணீரும் அந்தச் சின்ன வாய் வழியாகக் கடலுக்கு ஓடப் பார்க்கும். எதிரே கடல் அலை உள்ளே வரும். இரண்டும் முட்டுகிற இடத்தில் அலை குறுகி, செங்குத்தாக எழும்பும். அடியில் மணல் திட்டு வேறு. போன மாதம் இருந்த இடத்தில் இந்த மாதம் இருக்காது. எண்ணூரில் ஒரு மீனவர் குடியிருப்புக்குப் பெயரே முகத்துவாரக்குப்பம். வாயை ஒட்டிக் குடியிருக்கிறவர்களுக்கு அதன் குணம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்து இறங்குகிறவனுக்குத் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு காணும் பொங்கலன்று மகள் குடும்பத்தோடு நானும் பழவேற்காடு போயிருந்தேன். கலங்கரை விளக்கம் பக்கம் போகிற பாலத்துக்கு முன்பே போலீஸ் தடுப்பு. கரையில் ஃபைபர் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. பேரன் படகைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு ஓடினான். மாப்பிள்ளை ஒரு படகுக்காரரிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். கூடுதலாகத் தருகிறேன், அந்தப் பக்கமாக வந்து ஏறிக்கொள்கிறோம் என்றெல்லாம்.

படகுக்காரர் என் வயதை ஒட்டியவர். வலையைப் பிரித்துக்கொண்டே, "இன்னிக்கி வேணாம் சார். நாளைக்கு வாங்க" என்றார்.

"நாளைக்கு மட்டும் தடை இல்லையா?" என்று நான் கேட்டேன்.

சிரித்தார். "நாளைக்குப் போலீஸ் இல்லையேய்யா."

மாப்பிள்ளை, "பாத்தீங்களா மாமா, எல்லாம் கண்துடைப்பு" என்றார். எனக்கு அப்படி விட மனசு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, நீங்க சொல்லுங்க. போலீஸை விடுங்க. இன்னிக்கு ஏத்துவீங்களா மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சொன்னது எனக்குப் புதிது. வலையும் மீனும் படகின் அடியில் கிடக்கிற பாரம். அது நகராது. மனுஷப் பாரம் அப்படி இல்லை. விளிம்பில் உட்காரும். போட்டோ எடுக்க எழுந்து நிற்கும். பூநாரை பறந்தால் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வார்கள். அலை ஒன்று மேலே தெறித்தால் போதும், பொம்பளைகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். "நாங்க கடலுக்குப் பயந்ததில்லய்யா. ஏறுற ஜனத்துக்குத்தான் பயம். மத்த நாளுன்னா ஆறு பேர ஏத்துவேன். இன்னிக்கி பதினஞ்சு பேரு ஏறி உக்காந்துகினு எறங்க மாட்டேம்பாங்க. யாரப் புடிச்சு எறக்குறது?"

ஆக, தடையைப் பற்றி அவருக்குக் கோபம் இல்லை. கூட்ட நாளில் தன்னால் 'இல்லை' என்று சொல்ல முடியாததைப் போலீஸ் சொல்லிவிடுகிறது என்றுதான் நினைத்தார். கோபம் வேறு இடத்தில் இருந்தது. அன்றைக்கு ஒரு நாள் சவாரியில் ஒரு வார மீன் காசு கிடைக்கும். அது போனால் போகட்டும். ஆனால் மிச்ச நாட்களில் இதையே திருட்டுத்தனம் மாதிரி செய்ய வேண்டியிருக்கிறதே என்றார். உயிர்காப்பு உடை வாங்கி வைக்கலாம், ஆனால் அதை வெளியில் தொங்கவிட்டால் 'சவாரி விடுகிறேன்' என்று போர்டு மாட்டிய மாதிரி ஆகிவிடும். இதைக் கேட்டு எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. தடை இருப்பதாலேயே பாதுகாப்புச் சாமான் மறைந்துவிடுகிறது!

சட்டப்படியும் அவர் நிலை சங்கடம்தான். அந்தப் படகுகள் 1983-ஆம் வருடத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தில் வருகிறவை. மீன் பிடிக்கத்தான் பதிவு. ஆள் ஏற்ற அதில் இடம் இல்லை. ஆள் ஏற்றுகிற படகுகளுக்கென்று 1917-ஆம் வருடச் சட்டத்தை எடுத்துவிட்டு 2021-இல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்திருக்கிறது. தணிக்கை, தகுதிச் சான்று, காப்பீடு எல்லாம் அதில் உண்டு. நடுவில் ஒரு ஃபைபர் படகு, ஒரு வலை, ஒரு குடும்பம். இந்தப் படகை அந்தச் சட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று யாராவது உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும்.

அரைகுறையாகக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2023 மே 7 அன்று கேரளாவில் தானூரில் கவிழ்ந்த சுற்றுலாப் படகு, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியதுதான். இருட்டுகிற நேரத்தில், அளவுக்கு மேல் ஆளை ஏற்றிக்கொண்டு போனது. அங்கேயும் 22 பேர். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர் இறந்தார்களே, அது அரசு சுற்றுலாக் கழகத்தின் படகு. காட்டு மிருகத்தைப் பார்க்க எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்ததாகத்தான் அப்போது சொன்னார்கள். பழவேற்காட்டுக்காரர் சொன்ன அதே பாரக் கணக்கு.

இதெல்லாம் இந்தக் கரைக்குப் புதுப் பிரச்சினை என்று நினைத்துவிடக் கூடாது. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல் நடுக்கடலில் நிற்கும். கவர்னரானாலும் சிப்பாயானாலும் மசூலா படகில்தான் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். ஆணி இல்லாமல் பலகையைக் கயிற்றால் தைத்த படகு. அலை அடித்தால் வளைந்து கொடுக்கும். கூடவே கட்டுமரக்காரர்கள் வருவார்கள், யாராவது விழுந்தால் தூக்குவதற்கு. உயிரைக் காப்பாற்றியவர்களுக்குப் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள். அலை மோசமான நாளில் கரையில் இருக்கிற துறை அதிகாரி கொடி ஏற்றிவிடுவார். கொடி பறந்தால் படகு இறங்கக் கூடாது. 1861-இல் இரும்புப் பாலம் வந்த பிறகுதான் இந்தச் சாகசம் குறைந்தது. ராயபுரத்தில் புனித பேதுரு ஆலயம் இருக்கிறதே, அது அந்தப் படகோட்டிகளின் சமூகம் கட்டியது.

புதுச்சேரியிலும் இதே கதைதான். நான் அங்கே பிரெஞ்சில் படித்த காலத்தில் பழைய பயணக் கதைகளில் 'ஷெலேங்' என்று ஒரு படகு அடிக்கடி வரும். ஏதோ பாரீஸ் வார்த்தை என்று எண்ணியிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது நம்முடைய 'சலங்கு'!

அந்தக் கொடிக்கும் இந்தப் பேப்பர் செய்திக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கொடி அலையைப் பார்த்து ஏறும். பண்டிகையைப் பார்த்து ஏறாது. செவ்வாய்க்கிழமை அலை மோசமென்றால் செவ்வாய்க்கிழமை ஏறும். நம் துறைமுகத்தின் புயல் கூண்டும் அப்படித்தான். 'மூணாம் நம்பர் ஏத்திட்டாங்களாம்' என்று யாராவது சொன்னால் காசிமேட்டில் படகு எடுக்க யோசிப்பார்கள். இன்ஸ்பெக்டர் வர வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. முணுமுணுப்பு உண்டு, நிவாரணத் தொகை போதவில்லை என்ற குறையும் உண்டு. ஆனாலும் படகு கரையில்தான் நிற்கிறது. காரணம் தெரிந்த தடை அது, மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று சின்னப் பையனுக்கும் தெரியும்.

பிரெஞ்சு ஊர்களில் சுவரில் 'தெஃபான்ஸ் தஃபிஷே' என்று எழுதியிருப்பார்கள் என்று எங்கள் வாத்தியார் சொல்லுவார். நோட்டீஸ் ஒட்டாதே என்று பொருள். அந்த 'தெஃபான்ஸ்' என்ற சொல்லுக்குத் தடை என்றும் அர்த்தம், காவல் என்றும் அர்த்தம். அப்போது ராணுவ மந்திரி சபைக்கும் அதே வார்த்தைதான் இருந்தது. வகுப்பில் இது எங்களுக்குக் குழப்பமாக இருந்தது. தடுப்பது ஒன்று, காப்பது ஒன்று, இரண்டுக்கும் எப்படி ஒரே சொல் என்று கேட்டு ஒரு பையன் திட்டு வாங்கினான்.

காணும் பொங்கல் தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். மெரினாவில் கம்பு கட்டித் தண்ணீரில் இறங்க விடாமல் செய்கிறார்களே, குழந்தைகள் கையில் போன் நம்பரோடு பட்டை கட்டுகிறார்களே, அதைப் போல இதுவும் நல்ல காரியம். ஆனால் ஒரு நாள் உத்தரவு போடுவது ஆபீசில் ரொம்பச் சுலபமான வேலை என்பது எனக்குத் தெரியும். போன வருடத்து நகலை எடுத்துத் தேதியைத் திருத்தினால் ஆயிற்று. மறுநாள் கோப்பு தானாக மூடிக்கொள்ளும். பத்து இருபது படகைத் தேர்ந்தெடுத்து, தணிக்கை செய்து, எத்தனை பேர் என்று விளிம்பில் பெரிதாக எழுதி, உயிர்காப்பு உடை கொடுத்து, முகத்துவாரத்துப் பக்கம் போகாதபடி மிதவை கட்டி, அலை பார்த்துக் கொடி ஏற்ற உள்ளூர் மீனவர் ஒருவரையே சம்பளத்துக்கு வைப்பது கஷ்டமான வேலை. அந்தக் கோப்பு மூடவே மூடாது. வருடா வருடம் பணம் கேட்கும், ஆள் கேட்கும். அதனால்தான் அதை யாரும் திறப்பதில்லை.

இந்த வருடம் போகிறவர்கள் இருப்பீர்கள். படகை விட்டாலும் பழவேற்காட்டில் பார்க்க இருக்கிறது. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள் இருக்கின்றன, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த இடம் இப்போது மேடும் புதருமாகத்தான் கிடக்கிறது, அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம். பூநாரைகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம். பழைய பைனாகுலர் ஒன்று இருந்தால் எடுத்துப் போங்கள். குழந்தையின் முன்கையில் பேனாவால் போன் நம்பரை எழுதிவிடுங்கள், பட்டை எல்லா ஊரிலும் கட்டுவதில்லை. இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள், பொன்னேரி சாலையில் அன்றைக்கு வண்டி நகராது. யாராவது படகுக்காரர் "இன்னிக்கி வேணாம் சார்" என்று சொன்னால், தயவுசெய்து காசைக் கூட்டிப் பேசாதீர்கள்.