நாச்சியாபுரத்துக்கு ஒரு கார் வந்தது

நாச்சியாபுரத்துக்கு நீங்கள் போனதுண்டா? போகாவிட்டால் குற்றமில்லை. பிள்ளையார்பட்டி விநாயகரையும் குன்றக்குடி முருகனையும் தரிசித்துவிட்டு, காரைக்குடியில் முறுக்கும் சீடையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள்தான் நம்மில் பெரும்பாலோர். அந்தச் சுற்று வட்டாரத்திலேயே இருக்கும் இந்தச் செட்டிநாட்டுக் கிராமத்தை எட்டிப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? எனக்கும் அந்தப் பாக்கியம் ஒரு காரின் தயவால்தான் கிட்டியது.

கார் என் நண்பருடையது. அவர் உத்தியோகம் பார்ப்பது சென்னையில். பூர்வீக வீடு நாச்சியாபுரத்தில். "வீட்டில் படைப்பு வைத்திருக்கிறார்கள். புதுக் கார் வாங்கியிருக்கிறேன். நீங்களும் வாருங்கள்" என்றார். படைப்பு என்றால் நகரத்தார் குடும்பங்களில் முன்னோரை நினைத்துச் செய்யும் வழிபாடு. சாப்பாட்டை நினைத்துக்கொண்டு நான் உடனே சம்மதித்துவிட்டேன் என்று நீங்கள் சந்தேகித்தால், அதை மறுக்க மாட்டேன்.

மேலூர், திருப்பத்தூர் எல்லாம் தாண்டிச் செம்மண் பூமிக்குள் நுழைந்தோம். இருபுறமும் வேலிக்கருவை; நடு நடுவே படித்துறை கட்டிய ஊருணிகள். திடீரென்று ஒரு மாளிகை தலை காட்டும். அதை அடுத்து இன்னொன்று. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்! முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்டுகொண்டே போகும் வீடுகள். பர்மாத் தேக்கில் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக் கரு சேர்த்து மெழுகிய சுவர். 2014-ஆம் ஆண்டில் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றது நியாயந்தான்.

ஒரு விசேஷம் கவனித்தீர்களா? எல்லா வீடுகளும் தெருமட்டத்திலிருந்து நன்றாக உயர்ந்து நிற்கும். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் பொங்கியதால் குடிபெயர்ந்து வந்தவர்கள் நகரத்தார் என்பது பரம்பரைச் செய்தி. அந்தப் பயந்தான், தண்ணீரே இல்லாத சீமையிலும் வீட்டை உயர்த்திக் கட்ட வைத்தது என்பார்கள். அந்த வம்சத்தில் வந்த என் நண்பர், தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் காரை வாங்கியதில் ஆச்சரியம் என்ன?

நடுத்தர எஸ்.யூ.வி. என்று அதற்குப் பெயர். ஜீப்பின் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்காகப் பிறந்த ஜீப்பை, 1940-களின் இறுதியில் மகிந்திரா கம்பெனியார் பம்பாயில் பூட்டி விற்க ஆரம்பித்தார்கள். பாட்டனார் காட்டிலும் மேட்டிலும் உழைத்தார். பேரப் பிள்ளைக்குக் குளிர்சாதனம் வேண்டும். பாட்டுப் பெட்டி வேண்டும். 2002-இல் ஸ்கார்ப்பியோ வந்தது. 2015-இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து ஹூண்டாய் கிரெட்டா வந்தது. அதன் பிறகு, தெருவுக்கு நான்கு எஸ்.யூ.வி. என்று ஆகிவிட்டது.

வாங்க நினைக்கும் வாசகர்கள் முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும். கடையில் 15 லட்சம் ரூபாய் என்று சொல்லும் விலைக்குள்ளேயே ஜி.எஸ்.டி. ஒளிந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பெட்ரோல், டீசல் கார்களுக்கு அது 40 சதவிகிதம். ஆகவே அந்தப் பதினைந்தில் சுமார் 4 லட்சத்து 28 ஆயிரம் வரியே. அதற்கு மேல், 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் உயர்த்திய விகிதப்படி, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 18 சதவிகிதம். அதாவது 2 லட்சத்து 70 ஆயிரம் வரை. இன்ஷூரன்ஸ் தனி. கார் வாங்குகிறோமா, வரி வாங்குகிறோமா என்று தலை சுற்றும்!

இத்தனையும் கொடுத்த பிறகும் என் நண்பருக்குத் திருப்தி இல்லை. கார் வந்த மறு வாரமே ஓர் அலங்காரக் கடையில் அதை நிறுத்தி, முன்னால் யானைத் தந்தம்போல ஒரு இரும்புக் கம்பிக் காப்பு, கண்ணாடிகளுக்குக் கறுப்புப் படலம், கம்பெனி கொடுத்ததைவிடப் பெரிய டயர்கள் எல்லாம் மாட்டிக்கொண்டார். மொத்தம் அறுபதாயிரம் ரூபாய். "இப்போதுதான் பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது!" என்றார்.

கம்பீரம் வாஸ்தவந்தான். ஆனால் அந்தி மயங்கும் நேரத்தில் ஊருக்குள் திரும்பினோமே, அப்போது என்ன நடந்தது தெரியுமா? முடுக்கிலிருந்து ஒரு பெரியவர் சைக்கிளில் வந்தார். பக்கக் கண்ணாடியின் கறுப்பில் அவர் எங்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. நண்பர் பிரேக்கை மிதித்தபோது, அந்த இரும்புக் கம்பிக்கும் சைக்கிளுக்கும் ஒரு சாண் இடைவெளி. பெரியவர் தடுமாறி இறங்கினார். கேரியரிலிருந்த புல்லுக்கட்டு கீழே விழுந்தது. நாங்கள் இறங்கி ஓடினோம். "ஒண்ணுமில்லே தம்பி, பார்த்துப் போங்க" என்றார் அவர். திட்டியிருந்தால் தேவலை. நண்பரின் கை, புல்லுக்கட்டைத் தூக்கி வைக்கும்போதும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

வீட்டின் பின்வாசலில் பழைய கார் ஷெட் இருந்தது. நண்பரின் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தா, தம் அம்பாஸடரை நிறுத்துவதற்காகக் கட்டியது. அம்பாஸடருக்கும் இந்தக் காருக்கும் நீளம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 4.3 மீட்டர். பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு கார் உள்ளே போயிற்று. ஆனால் கதவைச் சாத்த முடியவில்லை. இரும்புக் காப்பு வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

ஐயாவுக்கு வயது எண்பத்து நான்கு. கைத்தடியால் கம்பியைத் தட்டிப் பார்த்தார்.

"இது எதுக்கு அப்பு?"

"மாடு கீடு குறுக்கே வந்தா காருக்கு அடிபடாது ஐயா."

"காருக்கு அடிபடாது, சரி. மாட்டுக்கு?"

நண்பர் பேசவில்லை.

"மனுஷன் வந்தா?"

அதற்கும் பதில் இல்லை. நான் தரையைப் பார்த்தேன்.

ஐயா தொடர்ந்தார்: "வண்டியிலே மாத்தம் பண்றது தப்புன்னு சொல்லலே. சண்டைக் காலத்திலே பெட்ரோல் கிடைக்காம, பஸ்ஸுக்குப் பின்னாலே கரி அடுப்பை மாட்டி, அந்த வாயுவிலே ஓட்டினாகளாம். எங்க அப்பச்சி சொல்வாக. அது தேவைக்குச் செஞ்சது. இது எந்தத் தேவைக்கு?"

இராச் சாப்பாட்டுக்குப் பிறகு, பத்திரிகைக்காரன் என்ற ஹோதாவில் நான் எனக்குத் தெரிந்த சட்டத்தை எடுத்துச் சொன்னேன். உங்களுக்கும் உதவும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றி ஓட்டக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. வேறு எரிபொருளுக்கு மாற்றுவது, உடல் ஊனமுற்றோருக்கு ஏற்றபடி அமைப்பது போன்றவற்றுக்கு முறைப்படி வழி உண்டு. விதியை மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ நேரலாம். இரும்புக் காப்புகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய அரசே மாநிலங்களுக்கு எழுதியது. கண்ணாடிகளுக்கும் அளவு உண்டு: முன், பின் கண்ணாடிகளில் 70 சதவிகிதமும், பக்கங்களில் 50 சதவிகிதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். கறுப்புப் படலத்துக்கு 2012-இலேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது.

சட்டத்தை விடுங்கள், காரணத்தைப் பாருங்கள். மோதும்போது காரின் முன்பாகம் தானே நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். காற்றுப் பைகள் எந்தக் கணத்தில் விரிய வேண்டும் என்பதும் அந்த அமைப்பையொட்டியே நிர்ணயிக்கப்படுகிறது. சட்டத்தோடு பிணைத்த இரும்புக் கம்பி குறுக்கிட்டால் இந்தக் கணக்கெல்லாம் தப்பும். டயர் பெரிதானால் வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். 80 என்று அது சொல்லும். கார் அதற்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். இன்ஷூரன்ஸ்காரர்களிடம் சொல்லாமல் செய்த மாற்றத்தினால் நஷ்ட ஈடு கேட்கும்போதும் வில்லங்கம் வரலாம்.

மறுநாள் காலை இன்னொரு பாடம். அப்பத்தாவைக் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும். அவரால் காரில் ஏற முடியவில்லை! ஏற்கெனவே உயரமான கார்; பெரிய டயர்கள் அதை இன்னும் தூக்கிவிட்டன. ஒரு காலை வைப்பார், முழங்கால் ஒத்துழைக்காது, இறங்கிவிடுவார். "எனக்கு எதுக்குப்பா இந்தத் தேரு? நீங்க போய்ட்டு வாங்க" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அவரை உட்கார வைத்து ஊர் கோலம் போக வேண்டுமென்றுதானே பேரன் சென்னையிலிருந்து ஓட்டி வந்தார்? அவர் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை.

ஐயா உள்ளே போய் ஒரு தேக்கு முக்காலியைக் கொண்டு வந்து கார்க் கதவடியில் போட்டார். அப்பத்தா அதில் ஏறி, பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு, ராணி மாதிரி உள்ளே அமர்ந்தார். "இதுதான் அப்பு மாத்தம்!" என்றார் ஐயா.

அன்று பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இரணியூர், இளையாத்தங்குடி என்று நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் நான்கைச் சுற்றி வந்தோம். அப்பத்தா இறங்கும் இடமெல்லாம் முக்காலியும் இறங்கியது. பின் சீட்டில் மூவர் தாராளமாக உட்கார்ந்து, மேடு பள்ளம் தெரியாமல் போய்வர இந்த மாதிரிக் கார் மிகவும் சௌகரியந்தான். அதை நான் மறைக்கவில்லை.

திரும்புகிற வழியில் நண்பர் காரைக்குடியில் ஒரு பட்டறை முன் காரை நிறுத்தினார். காப்பு கழன்றது; படலம் உரிந்தது. பழைய டயர்கள் சென்னையில் பத்திரமாக இருந்தபடியால் அவை ஊர் போய்த்தான் மாற வேண்டும். "அறுபதாயிரம் போயிற்றே!" என்றேன். "அந்தப் பெரியவர் போகவில்லையே!" என்றார் அவர்.

அன்று மாலை ஷெட் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. மறுநாள் நாங்கள் புறப்பட்டபோது, பின்னால் பெட்டிகளுக்கு நடுவே ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால், அந்தத் தேக்கு முக்காலி! "அடுத்த தடவை எங்களைச் சென்னைக்குக் கூட்டிப் போக வருவீகள்ல, அப்போ வேணுமில்லே?" என்றார் அப்பத்தா.