மறைத்து வைக்கும் வேதனை



மும்பையில் நம் ஜனங்களின் வீடுகளைச் சந்திக்கும்போது சகோதரிகள் சொல்லும் ஜெபக்குறிப்புகளைக் கவனித்திருக்கிறேன். பிள்ளையின் படிப்பு, கணவரின் வேலை, வாடகை வீடு ஆகியவற்றை விவரமாய்ச் சொல்வார்கள். தங்கள் சரீரத்தைக் குறித்து மட்டும், "கொஞ்சம் பலவீனம்" என்று முடித்துக்கொள்வார்கள்.

அந்த இரண்டு வார்த்தைகளுக்குள் பலமுறை ஒளிந்திருப்பது இரத்தப்போக்கு. ஒரு சகோதரி, மாதவிலக்கு நின்று மூன்று வருஷங்களுக்குப் பின் கண்ட இரத்தக்கசிவை ஐந்து மாதங்கள் கணவரிடமும் சொல்லவில்லை. கடைசியில் சமையலறையில் என் மனைவியிடம், "பாஸ்டரம்மா, இதை எப்படி வெளியே சொல்றது?" என்று அழுதார். பரிசோதனையில் கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் தெரிந்தது. அது பரவுமுன்னே கர்ப்பப்பை அகற்றப்பட்டபடியால் இன்று நலமாயிருக்கிறார்.

மாதவிலக்கு நின்றபின்னும் உடலின் கொழுப்பில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் உண்டாகிறது. அதை மட்டுப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் அக்காலத்தில் மிகக் குறைவு. ஆகவே கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்து, சிலருக்குப் புற்றாய் மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை மட்டும் உட்கொண்ட அமெரிக்கப் பெண்களிடம் இந்நோய் பலமடங்கு மிகுந்திருந்ததை 1975-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட கசிவு எல்லாம் புற்றுநோய் அல்ல. ஆனாலும் ஒருமுறை கண்டாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

நம் தேசத்துப் பெண்களிடம் இதைவிட அதிகமாய்க் காணப்படுவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இதற்குக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ் என்று கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசென், 2008-ல் நோபல் பரிசு பெற்றார். தாம்பத்திய உறவினால் பரவும் இந்த வைரஸ் பெரும்பாலானோரை வாழ்நாளில் ஒருமுறையாவது தொடுகிறது. உத்தம மனைவிக்கும் வரும். ஆகையால் இந்நோயைக் கொண்டு ஒருத்தியின் நடத்தையை அளப்பது அநியாயம்.

நாம் வாழும் இந்த நகரத்திலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கி, குடிசைப்பகுதிகளில் 35 முதல் 64 வயதுள்ள சுமார் 1,50,000 பெண்களை இரு பிரிவாக்கி ஆராய்ந்தது. பத்தாம் வகுப்பு படித்த சாதாரணப் பெண்கள் நான்கு வாரப் பயிற்சி பெற்று, நீர்த்த வினிகரைக் கர்ப்பப்பை வாயில் தடவிப் பார்த்தார்கள். மாறுபட்ட இடம் ஒரு நிமிஷத்தில் வெளுத்துத் தெரியும். பரிசோதிக்கப்பட்ட பிரிவில் இந்நோயால் மரித்தோர் 31 சதவீதம் குறைந்தார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் செவிலியர் செய்த இதே சோதனையில் மரணம் 35 சதவீதம் குறைந்ததென்று 2007-ல் வெளியாயிற்று.

வினிகரின் விலை அற்பம். பெரிய தடை நம் வெட்கமே. பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ளவளாயிருந்த ஸ்திரீ, கூட்டத்தின் நடுவில் பயந்து நடுங்கினாலும் உண்மையையெல்லாம் சொன்னாள். அவள் கடிந்துகொள்ளப்படவில்லை, மகளே என்று அழைக்கப்பட்டாள்.

சகோதரிகளே, முப்பது வயதானவர்கள் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். 9 முதல் 14 வயதுள்ள மகள்களுக்குத் தடுப்பூசியைக் குறித்து மருத்துவரிடம் விசாரியுங்கள். சகோதரர்களே, மனைவி "பலவீனம்" என்றால் அதோடு விட்டுவிடாதிருங்கள். ஒருநாள் கூலி போனாலும், ஆஸ்பத்திரி வரிசையில் அவர்களோடு நில்லுங்கள்.