அம்மா தொட்டால் 'டப்'!

எங்கள் வீட்டில் காஸ் சிலிண்டர் தீர்வதற்கென்று ஒரு முகூர்த்தம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை, விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகு, குக்கர் முதல் விசிலுக்குத் தயாராகிக் கொண்டிருக்கும்போது. போன மாதமும் அப்படித்தான்.

பரணிலிருந்து என் பழைய காயில் ஸ்டவ்வை இறக்கினேன். 1000 வாட்ஸ். பிரம்மச்சாரி நாட்களில் மூன்று வருஷம் எனக்கு முட்டை அவித்துப் போட்ட மகராசி.

அம்மா பால் பாத்திரத்தை வைத்தாள். பொங்கும் நேரம், இறக்கக் கையை நீட்டினாள். 'டப்'! ஃபேன் நின்றது. டி.வி.யில் கடைசி ஓவர் பாதியில் செத்தது. மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. விழுந்திருந்தது. தூக்கி விட்டேன். அம்மா தொட்டாள். மறுபடி 'டப்'!

"என்னமோ சுருக்குங்குதுடா" என்றாள்.

"அது ஸ்டாடிக்மா, ஒண்ணும் பண்ணாது" என்றேன். பி.காம். படித்தவன் கரண்டைப் பற்றி இவ்வளவு தைரியமாகப் பேசக் கூடாதுதான். ஆனால் விருந்தாளி முன்னால் தெரியாது என்று சொல்ல முடியுமா?

மறுநாள் ஆராய்ச்சியில் இறங்கினேன். 1000 வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் நாலே சொச்சம் ஆம்பியர். ஆக, ஓவர்லோடு இல்லை. ஃபிரிட்ஜை நிறுத்திப் பார்த்தேன், பாத்திரத்தை மாற்றிப் பார்த்தேன். நான் தொட்டால் ஒன்றும் ஆகவில்லை. என் மனைவி எட்டு தோசை வார்த்தாள். ஸ்டவ் சமர்த்தாக இருந்தது. ஒன்பதாவது தோசைக்கு அம்மா வந்தாள். 'டப்'!

முடிவு கண்டுவிட்டேன் ஸார். மாமியார் தொட்டால் ட்ரிப், மருமகள் தொட்டால் இல்லை! ஆபீஸில் இதைச் சொல்லி ஒரு வாரம் சிரிக்க வைத்தேன். வீட்டிலும் சொன்னேன். மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக் கொண்டாள். அம்மா சிரிக்கவில்லை.

"அதுக்கும் என்னைக் கண்டா ஆகலை போலிருக்கு" என்று சொல்லிவிட்டு ஹாலில் போய் உட்கார்ந்தவள்தான். மூன்று நாள் சமையலறைப் பக்கமே வரவில்லை. முப்பது வருஷமாக எனக்குச் சோறு போட்டவள், காபி வேண்டுமென்றால் வாசலில் நின்று கேட்டாள்.

பக்கத்து சீட் நண்பர் வழி சொன்னார். "அந்த ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் பண்ணிடுப்பா. அஞ்சு நிமிஷ வேலை." எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. தெருக்கோடி எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தேன். அறுபது வயதிருக்கும்.

"பைபாஸ் அப்புறம். யார் தொட்டா விழுது?" என்றார்.

மாமியார் மருமகள் ஜோக்கைச் சொன்னேன். அவரும் சிரிக்கவில்லை. ஸ்டவ்வைப் பார்க்காமல் கால்களைப் பார்த்தார். மனைவிக்குக் குதிகால் வலி. வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு. நானும் ஆராய்ச்சிக்குச் செருப்போடுதான் நின்றேன். அம்மா மட்டும் வெறுங்கால், கழுவி விட்ட ஈரத் தரையில்.

"தம்பி, ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்கு ஷாக் அடிச்சிருக்கு. செருப்பு இருந்ததால உங்களுக்குத் தெரியலை."

பிளக்கைக் கழற்றினார். "பச்சை ஒயர் எங்கே?"

தொண்டை அடைத்தது. வெட்டியது நான்தான். அந்தக் காலத்தில் மூணு பின் பிளக் உடைந்துபோய், கையில் கிடைத்த ரெண்டு பின்னை மாட்டினேன். பச்சை ஒயர் எந்த வேலையும் செய்வதாகத் தெரியவில்லை. ஸ்லீப்பிங் பார்ட்னர் என்று நினைத்துக் கணக்கை முடித்துவிட்டேன்!

ஸ்டவ்வின் பீங்கான் தட்டு விரிசல் விட்டு, காயில் தகர உடம்பில் பட்டுக் கொண்டிருந்தது. எர்த் ஒயர் இருந்திருந்தால் சுவிட்சைப் போட்டதுமே கசிவு அந்த வழியாகப் போய் ஆர்.சி.சி.பி. விழுந்திருக்கும், யாரும் தொடாமலே. அந்த வழியை நான் அடைத்துவிட்டதால் கரண்ட் வேறு ஆளுக்காகக் காத்திருந்தது.

ஆர்.சி.சி.பி. என்ன செய்கிறது என்று பெரியவர் சொன்னபோது எனக்கு உடனே புரிந்தது. அது ஒரு ஆடிட்டர் ஸார். ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் எல்லாம் எம்.சி.பி.யின் இலாகா. ஆர்.சி.சி.பி. பார்ப்பது டிரையல் பேலன்ஸ் மட்டும். ஃபேஸில் எவ்வளவு கரண்ட் போனதோ அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வர வேண்டும். வீட்டு ஆர்.சி.சி.பி.யில் வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால், கண் இமைக்கும் நேரத்தில் கணக்கை மூடிவிடும். 30 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு.

டேலி ஆகாத தொகையை நாங்கள் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோம். இங்கே அந்த வித்தியாசம் எங்கே போயிருந்தது? அம்மாவின் கை வழியாகக் காலுக்கு. அவள் 'சுருக்குங்குது' என்று சொன்னபோது வீட்டில் அதை நம்பியது ஒரே ஒருத்தர்தான், போர்டில் இருந்த அந்த ஆடிட்டர். அவரைத்தான் நான் பைபாஸ் செய்யப் பார்த்தேன்.

அன்றைக்கே ஸ்டவ் காயலான் கடைக்குப் போனது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சரி, போ. நீ வேணும்னா செஞ்சே?" என்று எழுந்து சமையலறைக்குப் போனாள். ரசம் கொதிக்கும் வாசனை வந்தது.

அந்தப் பெட்டியில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்தினால் விழ வேண்டும்; விழாவிட்டால் ஆடிட்டர் தூங்குகிறார் என்று அர்த்தம். உங்கள் வீட்டிலும் அழுத்திப் பாருங்கள். நான் ஒன்றாம் தேதி தவறாமல் அழுத்துகிறேன்.

'டப்'! ஃபேன் நிற்கும். உடனே உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும்.

"நான் எதையும் தொடலைடா!"