முடிச்சைக் காட்டுங்க, அண்ணா

கயிறு கட்டிப் பாறை ஏறும்போது நம் எடையைத் தாங்குவது கையும் காலும்தான். கயிறு சும்மா கூட வருகிறது. பிடி நழுவி விழும்போதோ, உச்சியை எட்டி இறங்குவதற்காகப் பின்னால் சாயும்போதோதான் முதன்முறையாக முழு எடையும் இடுப்பிலிருக்கும் முடிச்சின் மேல் வந்து விழுகிறது. தரையில் செய்த பிழை அதுவரை எந்த அறிகுறியும் காட்டாது. அது தெரியவரும் நேரத்தில் திருத்த வழியிருக்காது. ஏறுவதற்கு முன் ஒருவர் கட்டியதை இன்னொருவர் சோதிக்க வேண்டும் என்று பாறையேறிகள் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

1989 மே மாதம் தெற்கு பிரான்சின் பியூக்ஸ் பாறைகளில் லின் ஹில் விழுந்ததும் இப்படித்தான். பதினான்கு வயதில் ஏறத் தொடங்கியவர், உலகின் முன்னணிப் பெண் ஏறிகளில் ஒருவர், அப்போது 28 வயது. அன்றைக்கு உடம்பைச் சூடேற்றிக்கொள்ள ஓர் எளிய பாதையைத்தான் எடுத்தார். கயிற்றை இடுப்பில் மாட்டிய ஹார்னஸுக்குள் நுழைத்தவர் முடிச்சைப் போட்டு முடிக்கவில்லை. இடையில் கவனம் காலணிக்கும் பேச்சுக்கும் போய்விட்டது. மேலே அணிந்திருந்த ஜாக்கெட் இடுப்பை மறைத்துக்கொண்டது. கீழே கயிறு பிடித்து நின்றவர் அவருடைய கணவர். உச்சிக்குப் போய்ச் சாய்ந்ததும் கயிறு உருவிக்கொண்டு வந்தது. இருபது மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து விழுந்தார். ஒரு மரத்தின் கிளைகள் வேகத்தைக் குறைத்ததால் முழங்கை விலகி, பாதத்தில் எலும்பு முறிந்ததோடு உயிர் தப்பினார். 1993-இல் எல் கேப்பிடன் பாறையின் 'நோஸ்' பாதையை உபகரணங்களில் தொங்காமல் முழுக்கக் கைகால் பலத்திலேயே ஏறி முடித்த முதல் மனிதர் அவர்தான். ஆண்களில் யாரும் அதுவரை அதைச் செய்திருக்கவில்லை.

இதைப் புதியவர் செய்யும் பிழை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மாறாகத் தோன்றுகிறது. புதியவர் முடிச்சை முறைத்துப் பார்த்துக்கொண்டே போடுவார். போட்ட பிறகும் நான்கு பேரிடம் கேட்பார். ஆயிரக்கணக்கான முறை கட்டிப் பழகிய கைதான் மனத்தின் துணையில்லாமல் வேலை செய்யும். பாதியில் நின்றுபோனாலும், கட்டி முடித்ததாகவே நினைவு சொல்லும். அந்த நினைவு நேற்று கட்டியதாக இருக்கலாம், போன வருடம் கட்டியதாகவும் இருக்கலாம். ஆகவே ஏறுகிறவரின் சொந்த நினைவைச் சாட்சியாக ஏற்கக் கூடாது. வேறொருவரின் கண்ணும் விரலும் வேண்டும்.

விரல் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. தூரத்தில் நின்று தலையாட்டுவது சோதனை ஆகாது. நான் இடுப்புப் பட்டையிலிருந்து தொடங்குவேன். இடுப்பெலும்புக்கு மேலே இறுக்கமாக இருக்கிறதா, பக்கிளுக்குள் பட்டை ஒழுங்காகக் கோத்திருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பேன். ஹார்னஸின் முன்புறம் மேலும் கீழுமாக உள்ள இரண்டு வளையங்களுக்குள்ளும் கயிறு போயிருக்க வேண்டும். பக்கவாட்டில் சாமான் மாட்டும் வளையம் ஆள் எடைக்கானது அல்ல. அடுத்தது எட்டு முடிச்சு. முதல் எட்டைப் போட்டு, நுனியை ஹார்னஸுக்குள் விட்டு, அதே தடத்தில் திருப்பிக் கொண்டுவந்திருந்தால், முடிச்சு முழுவதும் கயிறு இரண்டிரண்டாகச் சேர்ந்தே ஓடும். ஐந்து ஜோடிகளை எண்ணலாம். எண்ண முடியாவிட்டால் அவிழ்த்துத் திரும்பக் கட்டவேண்டியதுதான்.

அதே நேரத்தில் ஏறப்போகிறவர் என்னைச் சோதிப்பார். கீழே நின்று கயிறு பிடிக்கும், அதாவது பிலே பிடிக்கும், என் கையில் கிரிகிரி என்ற கருவி இருக்கிறது. ஏறுகிறவர் பக்கம் எது, பிடிக்கிற கையின் பக்கம் எது என்று அதன் மேலேயே படம் பொறித்திருக்கிறார்கள். இருந்தும் கயிற்றைத் தலைகீழாக மாட்டிவிட முடியும். அப்படி மாட்டினால் விழும்போது அது பூட்டிக்கொள்ளாது. ஏறுகிறவர் தன் பக்கத்துக் கயிற்றை வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தால் தெரிந்துவிடும். காரபைனரின் திருகு பூட்டியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பார். கடைசியாக, தரையில் கிடக்கும் மறுமுனையில் ஒரு முடிச்சு. 35 மீட்டர் பாதையிலிருந்து ஒருவரை இறக்க 60 மீட்டர் கயிறு போதாது. முடிச்சில்லாத நுனி கருவியை விட்டு ஓடிவிடும். 2019 நவம்பரில் மெக்சிகோவின் எல் பொட்ரெரோ சிக்கோவில் பிராட் கோப்ரைட் என்ற அருமையான ஏறி, கயிற்றில் இறங்கும்போது அதன் நுனியைத் தாண்டிப்போய் இறந்தார். நுனியில் முடிச்சு இல்லை.

நம்மவர்களிடம் இதற்கு ஒரு தடை இருக்கிறது: மரியாதை. கல்லூரிப் பையன் ஒருவன் தன்னைவிட இருபது வயது மூத்தவரின் இடுப்புப் பட்டையை இழுத்துப் பார்க்கமாட்டான். அவருக்குத் தெரியாததா என்று ஒதுங்கி நிற்பான். இதை மாற்ற வேண்டியவர் மூத்தவர்தான். அவராக முன்வந்து, "தம்பி, என் முடிச்சைப் பாரு" என்று சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். பெண்களோடு ஏறும்போது, "தொட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டுவிடலாம், அல்லது அவரே பட்டையை இழுத்துக் காட்டினால் போதும். கூச்சத்தால் யாருடைய சோதனையும் விட்டுப்போகக் கூடாது.

ஆனால் பார்ப்பதோடும் சொல்வதோடும் இது முடிந்துவிடுவதில்லை என்பதை டாட் ஸ்கின்னரின் மரணத்திலிருந்து தெரிந்துகொண்டேன். 1988-இல் பால் பியானாவுடன் எல் கேப்பிடனின் சலாதே சுவரை ஏறிப் பெயர்பெற்றவர் அவர். 2006 அக்டோபர் 23 அன்று யோசெமிட்டியின் லீனிங் டவரில் கயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தபோது, ஹார்னஸின் பிலே லூப் அறுந்து விழுந்து இறந்தார். புதிதாக இருக்கையில் அந்தத் துணி வளையம் ஆயிரத்து ஐந்நூறு கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்க வேண்டும். அவருடையது தேய்ந்துபோயிருந்தது. அது தேய்ந்திருப்பதை உடன் ஏறியவர் சில நாள் முன்பே பார்த்து அவரிடம் சொல்லியுமிருந்தார். தெரியும், புதிய ஹார்னஸுக்குச் சொல்லியிருக்கிறேன் என்றாராம் ஸ்கின்னர். அதன் பிறகும் பழையதிலேயே ஏறினார். லின் ஹில்லின் முடிச்சு யார் கண்ணிலும் படவில்லை. இங்கே கண்ணிலும் பட்டது, வாயாலும் சொல்லப்பட்டது. உடன் ஏறியவரை நான் குறை சொல்ல வரவில்லை. அந்த இடத்தில் அநேகமாக எல்லோரும் அந்த அளவோடுதான் நின்றிருப்போம். சோதிக்கிறவருக்கு ஏற்றத்தையே நிறுத்தும் உரிமை இருக்க வேண்டும் என்று நான் நம்புவது அதனால்தான்.

மூன்று பேராகப் போயிருந்த பாதாமியில் நான் அந்த உரிமையை எடுத்துக்கொள்ள வேண்டிவந்தது. 642-இல் நரசிம்மவர்மப் பல்லவன் வென்ற வாதாபிதான் அது. இன்று அதன் செம்மணற்பாறைகளில் போல்ட் அடித்த பாதைகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. எனக்கு எட்டு முடிச்சு கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவரின் பிலே லூப்பில், ஓரத்து நூல்கள் பஞ்சாகப் பிரிந்திருந்தன. விரலில் நெருடியது.

"அண்ணா, இது போதும். இனி இதுல ஏற வேண்டாம்."

"ஏறுறப்ப இந்த லூப்ல எடையே விழாதேப்பா. பிலேயை நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கங்க."

"மேல ஆங்கர்ல கயிறு மாத்துறப்ப எதுல தொங்குவீங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. "நாளைக்கு ஒரு நாள்தானே, தாங்கும்" என்றார் பிறகு.

"அப்ப நான் பிலே பிடிக்கமாட்டேன்."

முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. சாயங்காலம் வரை என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தப் பயணம் முடியும்வரை மூன்று பேரும் இரண்டு ஹார்னஸை வைத்துத்தான் ஏறினோம். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாறும்போதெல்லாம் பட்டையைத் தளர்த்தி, இறுக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டியிருந்தது. நினைத்திருந்த பாதைகளில் பாதியைத்தான் தொட முடிந்தது. ஊர் திரும்பிப் புதியது வாங்கியதும் அண்ணன் பழைய ஹார்னஸின் லூப்பையும் பட்டைகளையும் கத்தரியால் வெட்டித் துண்டாக்கினார். அப்படியே குப்பையில் போட்டால் வேறு யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள் என்றார்.