கூப்பிடாத கடை

மாலை ஏழு மணி. சிங்கப்பூர் ஆற்றின் தென்கரையில், போட் கீ என்னும் படகுத்துறையில், விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. தண்ணீரை ஒட்டி வரிசையாக மேசைகள். எதிர்ப்பக்கம், ஒரு காலத்தில் அரிசியும் ரப்பரும் மூட்டை மூட்டையாக இறங்கிய பழைய கடைவீடுகள். இந்தக் கடைவீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில்தான் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. இப்போது அங்கே அலுவலகக் கோபுரங்கள். சரக்குப் படகுகள் 1983இல் இந்த ஆற்றை விட்டுப் போயின. கிடங்குகள் உணவகங்களாயின.

மேசைகளுக்கும் கடைகளுக்கும் நடுவே ஒரு குறுகிய நடைபாதை. அதில்தான் வாடிக்கையாளரைக் கூப்பிடுகிறவர்கள் நிற்கிறார்கள். கையில் தடித்த அட்டை போட்ட உணவுப் பட்டியல். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே மொழியை மாற்றுகிறார். சீனத்தில் ஒரு சொல், ஜப்பானிய மொழியில் ஒரு சொல், இந்தியில் இரண்டு சொல். மாலை முழுதும் நின்றபடியே பேசுகிற வேலை. நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி சிரிக்கிறார்.

சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வருகிறது. கணவன், மனைவி, எட்டு வயதிருக்கும் பெண் குழந்தை, பின்னால் பருத்திப் புடவையில் ஒரு மூதாட்டி. குழந்தையின் கையில் மெர்லயன் பொம்மை. மூதாட்டி பத்தடிக்கு ஒருமுறை நின்று முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார்.

“வணக்கம் சார், வாங்க! இந்தியன் ஃபுட் இருக்கு, நண்டு இருக்கு. உங்களுக்கு டிஸ்கவுண்ட் உண்டு.”

இத்தனை தூரம் வந்த இடத்தில் காதில் விழுந்த ‘வணக்கம்’ அந்தக் குடும்பத்தை நிறுத்திவிடுகிறது. கணவன் பட்டியலைப் புரட்டுகிறார். சில்லி நண்டு, பட்டர் சிக்கன், தாய்லாந்து சூப், பீட்சா, பொரித்த மீன், எல்லாம் ஒரே அடுப்படியில். ஒவ்வொன்றுக்கும் பளபளப்பான படம். நண்டுக்கு நேரே எண் இல்லை, அன்றைய விலை என்று மட்டும் இருக்கிறது.

“விலையைப் பாத்தியா?”

“அத்தையால இதுக்கு மேல நடக்க முடியாதுங்க. பாப்பாவுக்கும் பசிக்குதாம். ஒரு நாள்தானே, உக்காருவோம்.”

உட்கார்கிறார்கள். கேட்காமலே வேர்க்கடலைத் தட்டு வருகிறது, ஈரத்துண்டு வருகிறது. இரண்டுக்கும் காசு உண்டு. வேண்டாமென்று திருப்பி அனுப்பலாம். அது அவர்களுக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. பணியாள் ஒருவர் உயிருள்ள நண்டைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டுகிறார். குழந்தை கைதட்டுகிறது. எத்தனை கிலோ, கிலோ என்ன விலை என்று கேட்க வேண்டிய நொடி அதுதான். குழந்தையின் சந்தோஷத்தில் அது கழிந்துவிடுகிறது.

சாப்பாடு வருகிறது. நண்டின் சாறு ஆறியிருக்கிறது போலும், மேலே எண்ணெய் படிந்து நிற்கிறது. பட்டர் சிக்கனில் பாதி அப்படியே இருக்கிறது. மூதாட்டி வெறும் சோற்றில் இரண்டு வெள்ளரித் துண்டு வைத்துச் சாப்பிடுகிறார். நன்றாக இல்லை என்று அவர் சொல்லவில்லை. மகன் செலவு செய்கிறான் என்பது அவருக்குத் தெரியும்.

பில் வருகிறது. சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதற்கு மேல் பொருள் சேவை வரி 9 சதவீதம். பட்டியலில் பார்த்த விலைகளில் இந்த இரண்டும் சேரவில்லை. கணவன் விரலை வைத்து மேலிருந்து கீழே படிக்கிறார். மறுபடியும் படிக்கிறார்.

“எவ்வளவுங்க?”

“பரவாயில்ல, விடு.”

அட்டையை நீட்டுகிறார். அதற்குப் பிறகு அந்த மேசையில் யாரும் பேசவில்லை.

போட் கீயில் நல்ல சமையல் உள்ள கடைகளும் உண்டு. ஆனால் வாசலில் ஆள் நிறுத்தித்தான் மேசை நிரம்பும் என்ற நிலையில் இருக்கும் கடை, ஒருமுறை வந்து போகிறவர்களை நம்பி நடக்கிறது. இன்று சாப்பிட்டவர் நாளை மறுநாள் விமானம் ஏறிவிடுவார். அவர் திரும்பி வரமாட்டார் என்பது தெரிந்தபின், சாறு சூடாக இருந்தால் என்ன, ஆறியிருந்தால் என்ன? ஆற்றங்கரை வாடகையும் அந்த மேசையிலிருந்துதான் எழ வேண்டும். பல மாதம் பணம் சேர்த்து வெளிநாடு பார்க்க வந்த ஒரு குடும்பத்தின் பசியையும் கால்வலியையும் இப்படி வருமானமாக்குவது அநியாயம். அந்தக் குடும்பத்தின் மேல் துளியும் குற்றமில்லை. களைத்தவர்கள் எங்கே நாற்காலி இருக்கிறதோ அங்கே உட்காருவார்கள்.

இதற்கு நேர்மாறான இடமும் தொலைவில் இல்லை. அருகிலுள்ள கிளார்க் கீ நிலையத்தில் ரயில் ஏறினால் லிட்டில் இந்தியா இரண்டாவது நிறுத்தம். வெளியே வந்ததும் தேக்கா சந்தைக் கட்டடம். கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் ஈரச்சந்தை, ஒரு பக்கம் உணவங்காடி. இங்கே யாரும் வழிமறிப்பதில்லை. உணவங்காடிகளில் வாடிக்கையாளரை வலிந்து கூவி அழைக்க அனுமதி கிடையாது. ஒவ்வொரு கடையின் நெற்றியிலும் பலகை, பலகையில் உணவின் பெயர், பக்கத்தில் டாலரிலும் காசிலும் விலை. சேவைக் கட்டணம் இல்லை. தட்டை நாமே எடுத்துவர வேண்டும், உண்டு முடித்ததும் நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

ஒரு மேசையில் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்று தனியாகக் கிடக்கிறது. அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம், யாரும் அதைத் தொடுவதில்லை. கழுத்தில் அலுவலக அட்டையோடு ஒரு பெண் மீன்தலைக் கறிக்கு நிற்கிறார். சீனத் தாத்தா ஒருவர் தோசையைச் சாம்பாரில் தோய்த்து நிதானமாகச் சாப்பிடுகிறார். கட்டுமான வேலை முடிந்து வந்த நாலு தம்பிகள் ஒரு பிரியாணிக் கடையின் முன்னால். பரோட்டாக் கல்லருகே நிற்பவர் தூரத்தில் ஒருவரைக் கண்டதுமே மாவை வீசத் தொடங்குகிறார்.

“என்ன தம்பி, இன்னிக்கும் முட்டை போட்டதுதானே?”

“ஆமாண்ணே. ரெண்டு. ஒரு தே தாரிக்” என்று இழுத்து ஆற்றிய தேநீரும் கேட்கிறார் தம்பி.

‘இன்னிக்கும்’ என்ற அந்தக் கேள்வி காதில் விழும் கடையில் நம்பி உட்காரலாம். அந்தத் தம்பி நாளையும் வரவேண்டும். குழம்பு நீர்த்துப் போனால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார், பத்தடி தூரம்தான்.

முன்பு தெருவோரத்தில் தள்ளுவண்டியிலும் காவடிக் கூடையிலும் விற்றவர்களை 1970கள், 80களில் அரசாங்கம் இத்தகைய கூரைகளின் கீழ் கொண்டுவந்தது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டை மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. இங்கும் சில கடைகளின் முன் கேமராக்களோடு நீண்ட வரிசை நிற்கிறது. அதில் நின்றே ஆகவேண்டும் என்பதில்லை. பக்கத்தில் ஊர்க்காரர்கள் நிற்கும் சின்ன வரிசையில் போய் நிற்கலாம்.

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் போட் கீயைக் கட்டாயம் பாருங்கள். விளக்கொளி ஆற்றில் விழும் நேரத்தில் அது அழகான இடம். ஆனால் அந்த நேரத்துக்குப் பசியோடு போய்ச் சேராதீர்கள். பெரியவர்களையும் குழந்தைகளையும் ஆறு மணிக்கே தேக்காவில் உட்காரவைத்துச் சாப்பாடு கொடுத்துவிட்டு, அதன்பிறகு ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போங்கள்.