"செக் பண்ணியாச்சு" எண்டால், யார் பண்ணினது?

'த குரோ' படத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எங்கட கதை கடைசியில் பிராண்டன் லீயிடம்தான் போய் நிற்கும். புரூஸ் லீயின் மகன். 1993 மார்ச் 31 அன்று, அந்தப் படத்தின் படப்பிடிப்பில் சூடுபட்டு இறந்துபோனார். வயது 28.

முன்னர் எடுத்த ஒரு காட்சிக்காகத் துவக்கில் டம்மி ரவை போட்டிருந்தார்கள். வெடிமருந்து இல்லாத, ஆனால் பார்வைக்கு அசல் போலவே இருக்கிற ரவை. அதிலிருந்த சன்னம் கழன்று குழலுக்குள் சிக்கிக்கொண்டது. ஒருத்தரும் கவனிக்கவில்லை. பிறகு அதே துவக்கில் பிளாங்க் போட்டார்கள். பிளாங்கில் சன்னம் இல்லை, மருந்து இருக்கு. அந்த மருந்து, சிக்கியிருந்த சன்னத்தை வெளியே தள்ளிவிட்டது.

28 வருசம் கழித்து, 2021 ஒக்டோபர் 21. நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' படத்தின் ஒத்திகை. அலெக் போல்ட்வின் கையிலிருந்த ரிவால்வர் வெடித்ததில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். இயக்குநர் ஜோயல் சூசா காயப்பட்டார். அந்தத் துவக்கை 'கோல்ட் கன்' எண்டு சொல்லியிருந்தார்கள். அதாவது, பயமில்லை. ஆனால் உள்ளே இருந்தது அசல் ரவை. எல்லா ரவைகளையும் தான் பார்க்கவில்லை எண்டு உதவி இயக்குநர் விசாரணையில் சொன்னார்.

ஆயுதப் பொறுப்பாளருக்கு 18 மாதச் சிறை. உதவி இயக்குநருக்கு 6 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு. அரச தரப்பு ஆதாரத்தை மறைத்தது எண்டு 2024 ஜூலையில் போல்ட்வின் மீதான வழக்கு தள்ளுபடியானது. அதனால், துவக்கைப் பிடித்த நடிகருக்கும் பொறுப்பு இருக்கா எண்ட கேள்விக்கு நீதிமன்றத்தில் பதில் கிடைக்கவே இல்லை.

எங்களுக்குள்ளேயும் இதில் ரெண்டு கட்சி. "நடிகருக்குத் துவக்கைப் பற்றி என்ன தெரியும்? அதுக்குத்தானே ஆள் போட்டிருக்கு?" எண்டு கேட்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கு. தெரியாதவர் ரவையைக் கழற்றிப் பூட்டினால் அதுவே ஆபத்து. ஆனால் ஜோர்ஜ் குளூனி சொன்னதையும் கேளுங்கள்: துவக்கைக் கையில் தந்தால் தான் ஒவ்வொரு முறையும் திறந்து பார்ப்பாராம், எதிரில் நிற்பவருக்கும் காட்டுவாராம்.

நடிகர் நிபுணராக வேண்டாம். "எனக்கு முன்னால திறந்து காட்டுங்கோ" எண்டு கேட்டால் போதும். அப்படிக் கேட்பதால் பொறுப்பாளரின் பொறுப்பு ஒரு துளியும் குறையாது. அவர் கண்டிப்பாகப் பார்த்தே ஆகவேண்டி வரும், அவ்வளவுதான். பொறுப்பை ஆளுக்கொரு பங்காகப் பிரித்தால், "மற்றவன் பார்த்திருப்பான்" எண்டு ஒவ்வொருத்தரும் நம்பிக்கொண்டு நிற்பார்கள்.

படப்பிடிப்பில் யாரும் "அவசரம், நேரமில்லை" எண்டு கத்தலாம். அந்த நேரத்திலும் கேட்க வேண்டும். புதுசாகச் சேர்ந்த உதவியாளராக இருந்தாலும் கேட்கலாம். திறந்து காட்டும் வரைக்கும் கமராவுக்கு முன்னால் ஒருத்தரும் நிற்கத் தேவையில்லை.